தோற்கத் தெரிந்த பயில்வான்



உங்கள் வகுப்பில் யாருக்காவது பட்டப்பெயர் இருக்கிறதா? இல்லாமல் இருக்காது. ஒல்லியாக இருந்தால் ஓணான், உயரமாக இருந்தால் ஒட்டகம், குண்டாக இருந்தால் பூசணிக்காய் என்று ஏதாவது ஒன்றை யாராவது வைத்திருப்பார்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள ஒரு பள்ளியில் நான் ஆசிரியராக வேலை பார்த்தபோது, என் வகுப்பு மாணவன் ஒருவனைப் பிள்ளைகள் கிங்காங் என்று கூப்பிட்டார்கள். நல்ல உடம்பு அவனுக்கு. அந்தப் பெயரால் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துகொள்வோம், வாருங்கள்!

கிங்காங் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நின்றுகொண்டு, சுற்றிவரும் விமானங்களைக் கையால் பிடிக்கப் பார்க்கும் ராட்சதக் குரங்குதானே? அது 1933ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். ஆனால் அதே பெயரில் உண்மையாகவே ஒரு மனிதர் இருந்தார். அவர் ஒரு மல்யுத்த வீரர். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். தாராசிங், கிங்காங் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்வார். இராமன் என்றால் இராவணன் நினைவுக்கு வருவதைப் போல, தாராசிங் என்றால் கிங்காங்!

இராமனைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். இன்று நாம் அந்த இன்னொருவரைப் பற்றிப் பார்ப்போம்.

மலைகளுக்கு நடுவே ஓர் ஊர்

அவருடைய உண்மைப் பெயர் எமில் சாஜா. 1909ஆம் ஆண்டு பிராசோவ் என்ற ஊரில் பிறந்தார். ஐரோப்பாவில் கார்பேத்தியன் என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அந்த மலைகள் சூழ்ந்த ஊர்தான் பிராசோவ். நம் வடக்கனந்தலில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் கல்வராயன் மலை தெரிகிறதல்லவா? அதைப்போல அந்த ஊர்க்காரர்களுக்கும் தலையை நிமிர்த்தினால் மலைதான் தெரியும்.

அவர் பிறந்தபோது அந்த ஊர் ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற பெரிய பேரரசுக்குள் இருந்தது. 1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர் நடந்தது. அதில் அந்தப் பேரரசு தோற்றுச் சிதறிப்போனது. பிராசோவ், ருமேனியா நாட்டோடு சேர்ந்தது. அந்த ஊர் மக்கள் வீட்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் அவர்களுடைய நாடு மாறிவிட்டது!

வேடிக்கையாக இருக்கிறதா? நம் ஊருக்கும் கொஞ்சம் அப்படி நடந்திருக்கிறது. நான் பிறந்தபோது வடக்கனந்தல் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டமானது. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமானது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. கோமுகி ஆறும் அங்கேயேதான் இருக்கிறது. முகவரிதான் இரண்டு முறை மாறிவிட்டது.

எமில் சாஜா தம் முகவரியைத் தாமே மாற்றிக்கொண்டவர். மல்யுத்தம் கற்றுக்கொண்டு, அதையே தொழிலாக்கி, கடல் கடந்து கிழக்கே வந்தார். 1930களில் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தார்.

இரண்டரை நெல் மூட்டை

ஆள் எப்படி இருப்பார் தெரியுமா? எடை ஏறக்குறைய 180 கிலோ. நெல் மூட்டை ஒன்று 75 கிலோ. அப்படியென்றால் அவர் ஏறக்குறைய இரண்டரை மூட்டை! பெரிய வயிறு, அடர்ந்த தாடி, மீசை, தூண் போன்ற கால்கள். மேடையில் அவர் வைத்துக்கொண்ட பெயர்தான் கிங்காங்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெயரை அவரே விரும்பி எடுத்துக்கொண்டார். தம் உடம்பைப் பார்த்து மக்கள் முதலில் பயப்பட வேண்டும், பிறகு சிரிக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். இதை மறக்காமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அப்போது வட இந்தியாவில் பயில்வான்களுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. காமா பயில்வான் என்பவரின் பெயர் உலகம் முழுவதும் பரவியிருந்த காலம் அது. மண்ணைக் கொத்தி, குழைத்து, எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய களத்தில் குஸ்தி நடக்கும். எதிராளியின் முதுகை மண்ணில் படும்படி மல்லாத்திவிட்டால் வெற்றி. அங்கே நடிப்புக்கு இடமில்லை. இந்த மண்ணின் பயில்வான்களோடு மோத வந்த கிங்காங், லாகூரில் ஹமீதா என்ற பயில்வானிடம் தோற்றார். அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் தோல்வி.

நம்மில் பலர் தோற்றால் ஏதாவது சாக்குச் சொல்வோம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். கிங்காங்குக்குத் தாடியும் இருந்தது, மீசையும் இருந்தது. இரண்டிலும் மண் ஒட்டியது. தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். தோல்வியையே தம் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் கற்றுக்கொண்டார்.

சிங்கப்பூரின் மூன்று உலகங்கள்

கிங்காங் சிங்கப்பூரைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அக்காலச் சிங்கப்பூரில் மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இருந்தன. ஒன்றின் பெயர் புது உலகம், மற்றொன்று பேருலகம், மூன்றாவது மகிழ்ச்சி உலகம். பெயரைக் கேட்டாலே உள்ளே போக ஆசையாக இருக்கிறதல்லவா? இராட்டினம், சீன நாடகம், திரைப்படம், தின்பண்டக் கடைகள் எல்லாம் ஒரே இடத்தில். நம் ஊர்த் திருவிழா தினமும் நடந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்! அங்கேதான் இரவில் விளக்கு வெளிச்சத்தில் மல்யுத்தமும் நடந்தது.

பார்க்க வந்தவர்கள் யார்? சீனர்கள், மலாய்க்காரர்கள், சீக்கியர்கள், தமிழர்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன ஏராளமானோர் அப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், சாலை போட்டார்கள், ரப்பர் தோட்டங்களில் பால் எடுத்தார்கள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு இரவில் சில மணி நேரம் கவலையை மறக்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. மொழி தெரியாவிட்டாலும் மல்யுத்தம் புரியும். கெட்டவன் யார், நல்லவன் யார் என்பது மேடை ஏறியதுமே தெரிந்துவிடும்.

1947ஆம் ஆண்டு, பஞ்சாபைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூருக்கு வேலை தேடி வந்தார். இரும்பு டிரம் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை முடிந்த பிறகு பேருலகம் பூங்காவில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மல்யுத்தம் பயின்றார். அந்த இளைஞர்தான் தாராசிங்! 1928இல் பிறந்தவர். கிங்காங்கைவிட 19 வயது இளையவர். பிற்காலத்தில் 1987இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான இராமாயணத் தொடரில் அனுமனாக நடித்து வீட்டுக்கு வீடு அறிமுகமானவரும் அவரே.

தாராசிங் ஆறடிக்கு மேல் உயரம். எடை ஏறக்குறைய 130 கிலோ. கிங்காங்கோ ஒரு நடமாடும் மலை. இருவரும் மோதினால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! சிங்கப்பூர், மலேயா, பம்பாய், சென்னை, கொழும்பு என்று எங்கெங்கோ இப்படிப்பட்ட போட்டிகள் நடந்தன.

பெரியப்பா பார்த்த சண்டை

என் பெரியப்பா 1950களில் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவர். இரண்டு நாள் கூலியைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் இந்தச் சண்டையைப் பார்க்கப் போனாராம். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கிங்காங்கின் எடை கொஞ்சம் கூடும். அவர் காலையில் சாப்பிட்ட முட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். முதலில் இரண்டு டஜன் என்றார். நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அது ஐந்து டஜன் ஆகிவிட்டது! கிங்காங் எவ்வளவு சாப்பிடுவார் என்பதற்கு அக்காலத்தில் ஊருக்கு ஒரு கணக்கு இருந்தது. அதில் எதையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அப்படிப் பேசிப் பேசி மகிழ்ந்தார்கள் என்பது உண்மை.

சண்டையைப் பற்றி அவர் சொல்வது இதுதான். கிங்காங் உறுமிக்கொண்டே உள்ளே வருவார். கூட்டம் கூச்சல் போடும். அவர் அவர்களைப் பார்த்து முட்டியை மடக்கிக் காட்டுவார். முன்வரிசைப் பையன்கள் பயந்து எழுந்து ஓடுவார்கள். பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்காருவார்கள். சண்டை தொடங்கியதும் வயிற்றாலேயே எதிராளியை மோதித் தள்ளுவார். விதியை மீறுவார். நடுவர் அதட்டினால் ஒன்றும் தெரியாத பிள்ளை போல விழிப்பார். அடி விழத் தொடங்கியதும் கைகூப்பிக் கெஞ்சுவார். எதிராளி இரக்கப்பட்டு விலகினால், உடனே ஓர் உதை! கூட்டம் கொதிக்கும். கடைசியில் தாராசிங் அவரை அலாக்காகத் தூக்கிச் சுழற்றிப் போட்டதும், அரங்கமே இடிந்து விழுவது போல ஆரவாரம்.

இதைச் சொல்லி முடித்ததும் பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஒன்றை நான் பெரியவனான பிறகுதான் கவனித்தேன். அவர் தாராசிங்கைப் பற்றிச் சொல்வது இரண்டு வரி. மீதிக் கதை முழுவதும் கிங்காங்தான்!

முடிவு முன்பே தெரியுமா?

இப்போது உங்களில் சிலர் கேட்பீர்கள். தொலைக்காட்சியில் வரும் மல்யுத்தம் போல இதுவும் பேசி வைத்துக்கொண்டு போடும் சண்டைதானா என்று.

ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். கயிறு கட்டிய மேடையில் நடக்கும் இத்தகைய காட்சிப் போட்டிகளில் யார் வெல்வது என்பதை முன்பே முடிவு செய்துவிடுவார்கள். அதனால் அது ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்த் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில், பதினெட்டாம் போர் அன்று துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது கூத்துப் பார்க்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோமே, ஏன்? எப்படி விழுகிறான் என்று பார்க்கத்தான். இரவெல்லாம் கர்ஜித்த துரியோதனன் விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு, தேநீர்க் கடையில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவர் வந்து சிரிக்க வைப்பாரே, அவரையும் துரியோதனனையும் ஒரே உடம்பில் சேர்த்தால் எப்படி இருக்கும்? அவர்தான் கிங்காங்!

முடிவு முன்பே தெரியும் என்பதால் உடம்பு வலிக்காது என்று எண்ண வேண்டாம். அந்த மேடை மரப்பலகையால் ஆனது. மேலே கொஞ்சம் மெத்தை, அதன்மேல் கித்தான் துணி. அவ்வளவுதான். அதில் விழுவதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். முதுகையும் கைகளையும் அகல விரித்து விழ வேண்டும். அப்போதுதான் அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவும். பலகை எழுப்பும் சத்தம் பெரிதாக இருக்கும். இத்தனை பயின்றவர்களுக்கும் எலும்பு முறிந்திருக்கிறது.

இன்னொன்று. 180 கிலோ மனிதரை ஒருவர் தூக்க முடியுமா? தூங்கும் தம்பியைத் தூக்கிப் பாருங்கள். கனமாகத் தொங்குவான். அவனே விழித்திருந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டால் எளிதாகத் தூக்கிவிடலாம். எடை ஒன்றுதான். ஆனால் தூக்கப்படுபவன் உதவுகிறான். கிங்காங்கைத் தூக்கும்போதும் அப்படித்தான். அவர் காலை உந்தி எழும்ப வேண்டும். உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் கையில் தம் கழுத்தையும் முதுகெலும்பையும் நம்பிக் கொடுக்க வேண்டும். தாராசிங்கின் பலம் பாதி என்றால், கிங்காங்கின் நம்பிக்கை மீதிப் பாதி.

ஒரு கண்டிப்பான சொல்: இதையெல்லாம் வீட்டிலோ பள்ளியிலோ யாரும் செய்து பார்க்கக் கூடாது. பயிற்சி இல்லாமல் தூக்கிப்போட்டு விளையாடினால் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரிடும்.

டோக்கியோவிலும் ஒரு தோல்வி

1955ஆம் ஆண்டு நவம்பரில் கிங்காங் ஜப்பானுக்குப் போனார். ஜப்பான் அப்போது உலகப் போரில் தோற்று மீண்டுவந்துகொண்டிருந்த நாடு. அங்கே தொலைக்காட்சி வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வீட்டில் வாங்க வசதியில்லாத மக்கள் தெருவில் வைத்த பெட்டியின் முன் ஆயிரக்கணக்கில் கூடி மல்யுத்தம் பார்த்தார்கள். அவர்களுடைய கண்ணுக்குக் கண்ணான வீரர் ரிக்கிடோசன். கொரியாவில் பிறந்தவர், முன்பு சுமோ மல்யுத்தம் செய்தவர்.

ஆசியப் பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் ரிக்கிடோசனும் கிங்காங்கும் மோதினார்கள். வென்றவர் ரிக்கிடோசன். ஜப்பான் மகிழ்ந்தது. கிங்காங் வெறுங்கையோடு திரும்பவில்லை. டைகர் ஜோகிந்தர் சிங் என்ற இந்திய வீரரோடு சேர்ந்து இருவர் அணிக்கான ஆசியப் பட்டத்தை வென்றார். ஆனால் இன்றும் அங்கே நினைவில் இருப்பது எது தெரியுமா? அவர் தோற்ற போட்டிதான்.

யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் தாராசிங் பெரிய வீரரானார். ஜப்பானில் ரிக்கிடோசன் பெரிய வீரரானார். இருவர் கதையிலும், எதிரே நின்று விழுந்தவர்களில் ஒருவர் இவர். சிறிய ஆளை வீழ்த்தினால் யார் கைதட்டுவார்கள்? மலை போல ஒருவர் வந்து நிற்க வேண்டும். பயமுறுத்த வேண்டும். பிறகு சரியாக விழ வேண்டும்.

நம் தமிழிலும் இப்படி ஒருவர் உண்டு. புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர் ஒரு மற்போரைப் பாடியிருக்கிறார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் என்ற ஊரின் மல்லனை வீழ்த்துகிறான். இளவரசன் பெயர் நமக்குத் தெரிகிறது. பாடிய புலவர் பெயரும் தெரிகிறது. தோற்ற மல்லனின் பெயர் மட்டும் பாட்டில் இல்லை. ஆமூர் மல்லன் என்று ஊர்ப் பெயரோடு நின்றுவிட்டான். அந்த மல்லன் வலியவனாக இல்லாதிருந்தால் புலவர் அந்தப் பாட்டைப் பாடியிருப்பாரா?

அந்த மல்லனோடு ஒப்பிட்டால் கிங்காங் கொடுத்துவைத்தவர். தோற்றும் பெயர் நின்றுவிட்டது.

திரையிலும் கிங்காங்

1962இல் பாபுபாய் மிஸ்திரியின் இயக்கத்தில் கிங்காங் என்ற பெயரிலேயே ஓர் இந்திப் படம் வந்தது. குரங்கு படம் என்று நினைத்துப் போனவர்கள் ஏமாந்திருப்பார்கள். அதில் குரங்கு இல்லை! கதாநாயகன் தாராசிங். அவரோடு மோதும் மல்லனாக நம் கிங்காங். தாராசிங்குக்குத் திரையுலகக் கதவைத் திறந்துவிட்ட படங்களில் அது முக்கியமானது. அங்கேயும் பாருங்கள், படத்தின் பெயர் இவருடையது, வெற்றி அவருடையது!

அன்றிலிருந்து கிங்காங் என்ற சொல் நம் பேச்சிலும் கலந்துவிட்டது. 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனி நாட்டுப் பலசாலி சாண்டோ இந்தியாவுக்கு வந்துபோன பிறகு, உடற்பயிற்சி செய்பவர்களை நாம் சாண்டோ என்று அழைக்கத் தொடங்கினோம். சாண்டோ சின்னப்பா தேவர் என்ற திரைப்படத் தயாரிப்பாளரின் பெயரில் இருப்பதும் அதுவே. அதைப்போலத்தான் இதுவும்.

1970ஆம் ஆண்டு கிங்காங் சாலை விபத்து ஒன்றில் பலத்த காயம் அடைந்தார். மே 15ஆம் தேதி சிங்கப்பூரில் காலமானார். வயது 61 அளவில்தான். ஆயிரம் முறை விழுந்து எழுந்தவர், அந்த ஒரு முறை எழவில்லை. தாராசிங் அதன்பின் 42 ஆண்டுகள் வாழ்ந்து 2012இல் மறைந்தார். அப்போது நாளிதழ்கள் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் கிங்காங்கின் பெயரும் இருந்தது. நண்பர்கள் இருவரும் அப்போதும் பிரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் வகுப்புக் கிங்காங்

இனி என் மாணவனிடம் வருகிறேன். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் விளையாட்டு நேரத்தில் கயிறு இழுக்கும் போட்டி வைத்தேன். கயிற்றின் கடைசியில் கனமான ஆள் நிற்க வேண்டும். நான் வேடிக்கையாக, கிங்காங்கை வரச் சொல்லுங்கள் என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். மரவள்ளிக் கொல்லைக்கு நடுவே சிறிய வீடு. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூன்று நாளாக ஒரு வேளைதான் சாப்பிடுகிறான், கேட்டால் இளைக்க வேண்டும் என்கிறான் என்று அவன் அம்மா சொன்னார். காய்ச்சலா ஐயா, என்னவென்று தெரியவில்லையே என்று என்னிடமே கேட்டார். என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். கொடுத்தவன் நான்தானே!

அன்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்கு எமில் சாஜாவின் கதையைச் சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொன்னதைப் போலத்தான். கேட்டு முடித்ததும் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று. அவரே வைத்துக்கொண்டார் என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தான். அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அந்தப் பார்வை ஒரு பாடம் நடத்திவிட்டது.

கிங்காங் தம் உடம்பைக் காட்டிச் சிரிக்க வைத்தார்; ஏனென்றால் அது அவர் தேர்ந்தெடுத்த வேலை. அவர் அழைத்ததால்தான் மக்கள் சிரித்தார்கள். விளக்கு அணைந்ததும் அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு எமில் சாஜாவாக வீட்டுக்குப் போக அவரால் முடிந்தது. என் மாணவன் சிரிக்கச் சொல்லி யாரையும் அழைக்கவில்லை. அவனுக்கு மாட்டிய பெயரைக் கழற்றி வைக்க அவனால் முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட அது அவனோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து வகுப்பில் அவனை அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று எல்லாருமாக முடிவு செய்தோம். சிலர் மறந்துபோய்ப் பழைய பெயரைச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திருத்தினார்கள். பழக்கம் மாற ஒரு பருவம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி வந்தது. கடைசியில் நிற்கிறாயா என்று அவனிடம் கேட்டேன். கூப்பிடவில்லை, கேட்டேன். யோசித்துவிட்டுச் சரி என்றான். காலைத் தரையில் ஊன்றி, கயிற்றை இடுப்பில் வளைத்துக்கொண்டு நின்றான். எங்கள் அணி வெகுநேரம் தாக்குப்பிடித்தது. ஆனால் கடைசியில் தோற்றது. எல்லாரும் சேற்றில் விழுந்தார்கள். முதலில் எழுந்தவன் அவன்தான். சட்டையெல்லாம் சேறு. எதிர் அணிப் பையன் ஒருவன் வழுக்கி விழுந்து கிடந்தான். அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பிறகு தன் சட்டையைப் பார்த்துத் தானே சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுடையது. அதனால் நாங்களும் அவனோடு சேர்ந்து சிரித்தோம்.

அவன் பெயர் என்ன என்று கேட்கிறீர்களா? சொல்ல மாட்டேன். அது அவனுக்குச் சொந்தமானது. ஒரு முறை அவன் பெயரை விட்டு வேறு பெயர் சொல்லித் தவறு செய்தேன். இப்போது அவனைக் கேட்காமல் அவன் பெயரை எழுதி இன்னொரு தவறு செய்யக் கூடாதல்லவா?

செல்வங்களே! இந்த வாரம் உங்களுக்கு இரண்டு வீட்டுப் பாடம் தருகிறேன். முதலாவது, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் தாராசிங், கிங்காங் சண்டையைப் பற்றிக் கேளுங்கள். முட்டைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்! இரண்டாவது, வகுப்பில் நீங்கள் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் யாராவது ஒருவரை, நாளைக்கு அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அவர் திரும்பிப் பார்க்கும்போது முகத்தைக் கவனியுங்கள்.

- ஓய்வு பெற்ற ஆசிரியர், வடக்கனந்தல்